நொறுக்குத்தீனியைக் குறைத்து மளிகைச் செலவை மிச்சப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகள் தமிழ்நாட்டில் ஒரு நகரத்தில் வசிக்கும் நான்கு பேர் குடும்பத்தை வைத்துப் போட்டவை. இரண்டு பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் தெருக் கடையின் விலையை வைத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

சாதாரணமாக ஒரு வீட்டில் நடப்பதை மாதக் கணக்காக்கினால் இப்படி வரும்:

பிள்ளைகளுக்குத் தினமும் ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் பாக்கெட், 26 நாளுக்கு 520 ரூபாய்.
அலுவலகம் போகிறவர் டீயோடு சாப்பிடும் ஒரு வடை அல்லது பஜ்ஜி, 260 ரூபாய்.
வாரம் அரைக் கிலோ மிக்சர் அல்லது காராச்சேவு, 600 ரூபாய்.
ஞாயிற்றுக்கிழமை பேக்கரி (பப்ஸ், கேக், தேங்காய் பன்), 800 ரூபாய்.
வாரம் ஒரு பெரிய கூல் டிரிங்க்ஸ் பாட்டில், 400 ரூபாய்.
பிஸ்கட், 300 ரூபாய்.
பாலில் கலக்கும் மால்ட் பவுடர், 450 ரூபாய்.

கூட்டினால் 3,330 ரூபாய். இதை அப்படியே மிச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பசி எங்கும் போய்விடாது. அந்த இடத்தில் வேறு சாப்பாடு வைக்க வேண்டும். மாலைச் சுண்டல் வகைக்கு நாளுக்கு 30 ரூபாய் வீதம் 780, பழத்துக்கு 400, சத்துமாவுக்கு 150, ஆக 1,330. கையில் நிற்பது 2,000 ரூபாய். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் பேக்கரிக்குப் போவதென்று வைத்துக்கொண்டால் 1,800. ஆண்டுக்கு 21,600 ரூபாய் வருகிறது. ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை, நோட்டு, பை, காலணி எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கிறது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற ஒரே தலைப்பில் போகிறது. ஹோட்டல் சாப்பாடும் அதில் சேர்த்திதான். ஆனாலும் பால், காய்கறி, அரிசி கோதுமை எதற்கும் தனித்தனியே அவ்வளவு செலவாகவில்லை.

மாத மளிகைப் பட்டியலில் நொறுக்குத்தீனியே பெரிதாக இல்லையே, பிறகு எங்கே போகிறது?

பட்டியலில் இருக்காது. பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியேதான் வாங்கப்படுகிறது. பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பாக்கெட், பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டில், பிள்ளையை டியூஷனில் விட்டுத் திரும்பும்போது இரண்டு பப்ஸ். ஒவ்வொன்றும் பத்தும் இருபதுமாக இருப்பதால் மனதில் நிற்பதில்லை.

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஜிபே, போன்பே போன்றவற்றில் பணம் கட்டுகிறவர் என்றால் போன மாதப் பட்டியலைத் திறந்து, 200 ரூபாய்க்குக் கீழே உள்ள தொகைகளை மட்டும் எழுதிக் கூட்டுங்கள். எந்தக் கடை என்ற பெயரும் அதிலேயே இருக்கும். ரொக்கமாகக் கொடுக்கிறவர் என்றால், வாங்கிய பாக்கெட்டின் காலி உறையை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பையைக் கொட்டி, உறைகளில் உள்ள எம்.ஆர்.பி.யைக் கூட்டினால் போதும். பிள்ளைகளையே கூட்டச் சொல்லுங்கள். தாங்களே கூட்டிக் கண்டுபிடித்த தொகையை அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அந்த இரண்டு வாரமும் யாரையும் கண்டிக்க வேண்டாம். கண்டித்தால் உறையை மறைப்பார்கள், கணக்கு பொய்யாகிவிடும்.

பத்து ரூபாய் பாக்கெட் மலிவுதானே?

பாக்கெட் மலிவு, பண்டம் மலிவில்லை. உறையின் பின்பக்கம் எம்.ஆர்.பி.க்கு அருகில் 'யூனிட் சேல் பிரைஸ்' என்று கிராமுக்கு இவ்வளவு என அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டுகளில் கிராம் கணக்கிலும் அதற்கு மேல் கிலோ கணக்கிலும் இருக்கும். அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்குங்கள். 10 ரூபாய்க்கு 22 கிராம் என்றால் கிராமுக்கு 45 பைசா, கிலோவுக்கு 450 ரூபாய். அந்தக் காசுக்கு 3 கிலோ வேர்க்கடலைப் பருப்பு வரும். உருளைக்கிழங்காக வாங்கினால் 10 கிலோவுக்கு மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலைவாசி ஏறும்போது பத்து ரூபாய் பாக்கெட் பன்னிரண்டு ரூபாய் ஆகாது. எடையைத்தான் குறைப்பார்கள். எடை எழுத்து சிறியதாக இருப்பதால் நாம் பார்ப்பதில்லை. கிலோ விலையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இது உடனே கண்ணில் படும்.

பெரிய பாக்கெட்டாக வாங்கினால் கிலோ விலை குறைகிறதே?

குறையும். ஆனால் பிரித்த பாக்கெட் நமத்துப் போகும் என்ற பயத்திலேயே இரண்டு நாளில் முடிந்துவிடும். 20 ரூபாய் பாக்கெட் நான்கு வாங்கும் வீடு 80 ரூபாய் செலவழிக்கிறது. 150 ரூபாய் குடும்பப் பாக்கெட் வாங்கும் வீடு அதே வாரத்தில் இரண்டாவது பாக்கெட்டுக்கும் போகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு மொத்தமாக வாங்குவது லாபம், ஏனென்றால் மூட்டை பெரிதாக இருப்பதால் யாரும் கூடுதலாகச் சோறு சாப்பிடுவதில்லை. நொறுக்குத்தீனி அப்படி இல்லை. வீட்டில் இருக்கும் அளவுதான் சாப்பிடும் அளவு.

ஜி.எஸ்.டி. குறைந்து விலை இறங்கிவிட்டதே?

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட்டுக்கு வரி 18-லிருந்து 5 விழுக்காடாகவும், பாக்கெட் மிக்சர் வகைகளுக்கு 12-லிருந்து 5 ஆகவும் இறங்கியது. முழுப் பலனும் நம் கைக்கு வந்தாலும் பத்து ரூபாய் பிஸ்கட்டில் ஏறத்தாழ 1 ரூபாய் 10 காசு, பத்து ரூபாய் மிக்சரில் 60 காசுதான் குறையும். கிலோ 450 ரூபாய் பண்டம் 420 ஆகிறது, அவ்வளவே. சர்க்கரை சேர்த்த கூல் டிரிங்க்ஸுக்கு 40 விழுக்காடு வரி. முதலில் நிறுத்த வேண்டியது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரேயடியாக நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

ஒரேயடியாக நிறுத்திய வீடுகளில் பத்து நாளில் பழையபடி ஆகிவிடுவது வழக்கம். காரணம் மனவுறுதி இல்லாததல்ல. மாலை நான்கு மணிப் பசிக்கு வேறு எதுவும் தயாராக இல்லை. அதனால் நிறுத்துவதற்கு முந்தைய வாரமே மாற்று வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்: அரைக் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை, அரைக் கிலோ பச்சைப்பயறு, ஒரு கிலோ வேர்க்கடலை, அரைக் கிலோ கெட்டி அவல், கால் கிலோ பொட்டுக்கடலை, ஒரு படி பொரி.

பிறகு வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள். முதல் வாரம் கூல் டிரிங்க்ஸ். இரண்டாம் வாரம் பிள்ளைகளின் பத்து ரூபாய் பாக்கெட். மூன்றாம் வாரம் மிக்சர். பேக்கரியைக் கடைசியில் வையுங்கள். அது வெளியே போகும் சந்தோஷத்தோடு சேர்ந்தது. மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசி என்கிறார்கள். என்ன கொடுப்பது?

முதலில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். பாதி அப்படியே திரும்பி வருகிறது என்றால் அது மதியச் சாப்பாட்டின் பசி. இடைவேளை நேரம் போதவில்லையா, ஆறிப்போய்க் குழைந்துவிடுகிறதா, அளவு அதிகமா என்று அதைச் சரிசெய்யாமல் மாலைத் தீனியை மட்டும் மாற்றினால் பயன் இருக்காது.

டப்பா காலியாக வருகிறது என்றால் நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு இப்படிப் போடலாம்:

திங்கள்: கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். காய்ந்த கடலை 200 கிராம். வெந்தபின் 400 கிராமுக்கு மேல் வரும்.
செவ்வாய்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு 600 கிராம், தோலோடு ஆவியில் 20 நிமிடம்.
புதன்: பச்சைப்பயறு சுண்டல், 200 கிராம். கொஞ்சம் வெல்லமும் தேங்காயும் சேர்த்தால் இனிப்பு கேட்கும் பிள்ளைக்கும் ஆகும்.
வியாழன்: கெட்டி அவல் 200 கிராம், வெல்லம் 60 கிராம், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி.
வெள்ளி: வேகவைத்த வேர்க்கடலை, பருப்பாக 250 கிராம்.
சனி: புளித்த இட்லி மாவில் வெங்காயம் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம்.

கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்றால் திங்கட்கிழமைக்குக் கடலை 20 ரூபாய், தேங்காயும் தாளிப்பும் கேஸும் சேர்த்து 30 ரூபாய். ஆளுக்கு 100 கிராமுக்கு மேல் கிடைக்கும். அதில் சுமார் 9 கிராம் புரதம். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பத்து ரூபாய் பாக்கெட் என்றால் 40 ரூபாய், மொத்தமே 88 கிராம்.

மரவள்ளிக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும் ஊர்களில் அதையும் சேர்க்கலாம். தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கொடுக்கக் கூடாது; அதில் இயற்கையாகவே நச்சுப்பொருள் உண்டு.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். மசித்தோ பொடித்தோ கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை செருப்பைக் கழற்றும்போது கிண்ணம் தயாராக இருக்க வேண்டும். "பத்து நிமிஷம் இரு, தாளிச்சுத் தர்றேன்" என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் பாக்கெட் திறந்துவிடும். வீட்டில் அப்போது ஆள் இல்லை என்றால் காலையிலேயே ஹாட்பாக்கில் வைக்கக்கூடிய கிழங்கு, அல்லது டப்பாவில் இருக்கும் பொரி, பொட்டுக்கடலையாகத் திட்டமிடுங்கள். தேங்காய் போட்ட சுண்டலைக் காலையில் செய்து மாலை வரை வெளியில் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் கெட்டுவிடும்.

சுண்டல் கடலை வேகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

நான்கு காரணங்கள் இருக்கலாம்.

பழைய கடலை. கடையில் நெடுநாள் கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் நடுவில் கெட்டியாகவே இருக்கும். ஊறியபின் இரண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக, உலர்ந்த மாவு போல இருந்தால் இன்னும் ஊறவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே என்றால் சரக்கு பழசு.

போர் தண்ணீர். கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். அதற்கு வழியில்லை என்றால் 250 கிராம் கடலைக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஊறும் தண்ணீரில் போட்டு, பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டி இரண்டு முறை அலசிவிடுங்கள். வேகும்போது சோடா போட்டால் குழைந்து வாடை வரும்.

புளிப்பு. மாங்காய், எலுமிச்சை, தக்காளி எதுவானாலும் வெந்தபிறகுதான் சேர்க்க வேண்டும். உப்பை முதலில் போட்டால் வேகாது என்று சொல்வார்கள். உப்பு அவ்வளவு பெரிய தடையில்லை, புளிப்புதான் தடை.

நேரம். கறுப்புக் கொண்டைக்கடலை 8 முதல் 10 மணி நேரம் ஊறி, குக்கரில் 5 அல்லது 6 விசில். காய்ந்த பட்டாணி 8 மணி, 3 விசில். தட்டைப்பயறு 4 மணி, 2 விசில். பச்சைப்பயறு 5 மணி ஊறினால் ஒரு விசிலே போதும். இரண்டு விட்டால் கஞ்சியாகிவிடும். மொச்சை இரவு முழுக்க ஊறி, 4 அல்லது 5 விசில்.

ஊறப்போட மறந்துவிட்டால், கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஹாட்பாக்கில் மூடி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருமளவு ஊறிவிடும். வாரம் ஒருமுறை அரைக் கிலோவாக ஊறவைத்து, வடித்து, பாதியை ஃப்ரீசரில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் இரவு முழுக்க வெளியே ஊறினால் நுரைத்து நாற்றம் வரும். ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், அல்லது ஃப்ரிட்ஜுக்குள் ஊறவையுங்கள்.

வேர்க்கடலை சிக்கு வாடை அடிக்கிறது, பொரி நமத்துப் போகிறது. எப்படி வைத்துக்கொள்வது?

வேர்க்கடலையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். வறுத்தபின் சூட்டோடு மூடினால் வியர்த்து, சிக்கு வாடை சீக்கிரம் வரும். முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். வறுத்ததை இரண்டு வாரத்தில் முடிக்கிற அளவு மட்டும் வறுத்தால் போதும். பூஞ்சை பிடித்த, கறுத்துச் சுருங்கிய, கசக்கும் கடலையைக் கழுவிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

நமத்த பொரியை வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

மிக்சருக்கு மாற்று எது?

பொரி மிக்சர். பொரி 200 கிராம், வேர்க்கடலை 100, பொட்டுக்கடலை 50, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை இரண்டு கொத்து, மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், தூள் உப்பு. எண்ணெயில் வேர்க்கடலையை முதலில் வறுத்து, பூண்டும் கறிவேப்பிலையும் போட்டு, அவை சலசலப்பு அடங்கி நொறுங்கும் வரை விடுங்கள். கறிவேப்பிலையைக் கழுவிய ஈரத்தோடு போட்டாலோ பூண்டு மெத்தென்று இருக்கும்போதே இறக்கினாலோ மறுநாள் டப்பா முழுக்க நமத்துவிடும். அடுப்பை அணைத்தபின் தூள்களைப் போடுங்கள். தீயில் போட்டால் மிளகாய்த்தூள் கருகி நெடி ஏறும். கடைசியில் பொட்டுக்கடலையும் பொரியும். பத்து நாள் நன்றாக இருக்கும்.

பூந்தி, ஓமப்பொடி எல்லாம் பிழிந்து முழு மிக்சர் வீட்டில் செய்வதைப் பரிந்துரைக்க முடியாது. எண்ணெயும் நேரமும் பிடிக்கும், மிச்சமாகும் காசு அதற்கு ஈடாகாது.

முறுக்கை வீட்டில் சுட்டால் லாபமா?

லாபம்தான், ஒரு நிபந்தனையோடு. அரிசி மாவு 500 கிராம் (30 ரூபாய்), வறுத்து அரைத்த உளுந்து மாவு 125 கிராம் (18), வெண்ணெய் 50 கிராம் (30), உறிஞ்சும் எண்ணெய் ஏறத்தாழ 200 மில்லி (32), கேஸ் 15. மொத்தம் 125 ரூபாய்க்கு முக்கால் கிலோவை ஒட்டி வரும். கிலோவுக்கு 165 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் 300-க்குக் குறைந்து நல்ல முறுக்கு கிடைப்பது அரிது.

நிபந்தனை, வாணலியில் மீதமாகும் எண்ணெய். சுடுவதற்கு 750 மில்லி ஊற்றினால் 550 மில்லி மிஞ்சும். அதை உடனே வடிகட்டி, அடுத்த சில நாட்களில் தாளிப்புக்கும் பொரியலுக்கும் தீர்த்துவிடும் வீடாக இருக்க வேண்டும். கறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடம்புக்குக் கேடு; கொட்டினாலோ 90 ரூபாய் போச்சு, லாபத்தில் பெரும்பகுதி அதோடு போச்சு.

என்ன தவறு வரும்? முறுக்கு வெடித்தால் மாவு சலிக்கப்படவில்லை, அல்லது முறுக்கு பிழியும் உழக்கில் காற்று அடைத்திருக்கிறது. எண்ணெய் குடித்தால் வெண்ணெய் அதிகம், மாவு தளர்வு, அல்லது எண்ணெய் காயவில்லை. ஒரு துளி மாவு போட்டால் உடனே மேலே எழ வேண்டும். கல் மாதிரி இருந்தால் உளுந்தோ வெண்ணெயோ குறைவு. கடைசி ஈடு சிவந்து போனால், பிசைந்த மாவு நெடுநேரம் காத்திருக்கிறது என்று பொருள். மொத்த மாவையும் ஒன்றாகப் பிசையாமல் இரண்டு மூன்று பங்காகப் பிசையுங்கள்.

சுட்டபின் முழு டப்பாவையும் கூடத்தில் வைக்காதீர்கள். வாரத்துக்கான அளவை மட்டும் சிறிய டப்பாவில் எடுத்து வைத்து, மற்றதைக் கண்ணில் படாத மேல்தட்டில் வையுங்கள்.

டீயோடு பிஸ்கட் இல்லாமல் முடியாதே?

இதில் பெரிய மிச்சம் இல்லை. சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட் நொறுக்குத்தீனிகளிலேயே கிலோ விலை குறைந்தது. க்ரீம் பிஸ்கட்டையும் வெண்ணெய் குக்கீஸையும் விட்டுவிட்டு, ஆளுக்கு இரண்டு சாதாரண பிஸ்கட் என்று எண்ணி எடுத்துவைத்தாலே 300 ரூபாய் செலவு பாதியாகும்; மீதி 150-ஐ மேலே போட்ட மிச்சக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். டீயில் போடும் சர்க்கரையிலும் பெரிய மிச்சம் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு டம்ளர், டம்ளருக்கு 10 கிராம் என்றால் மாதம் 2.4 கிலோ; கிலோ 45 ரூபாய் வைத்தாலும் 108 ரூபாய்தான். ரேஷனில் கிலோ 25 ரூபாய்க்கே கிடைக்கிறது. உடம்புக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், பணத்துக்காக என்று நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். உடம்புக் கணக்கு என்னவென்றால், சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 250 மில்லி கோலா ஒன்றிலேயே அதற்கு மேல் இருக்கிறது.

மால்ட் பவுடரை நிறுத்தினால் பிள்ளை வளர்ச்சி பாதிக்குமா?

பாதிக்காது. சத்து பாலில் இருக்கிறது. அந்தப் பவுடர்களில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை கணிசமாக இருக்கும், பாக்கெட்டில் உள்ள அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

வீட்டுச் சத்துமாவு ஒரு கிலோவுக்கு: கேழ்வரகு 500 கிராம், பொட்டுக்கடலை 200, கம்பு 100, பச்சைப்பயறு 100, வேர்க்கடலை 100, ஏலக்காய் ஐந்து. பொட்டுக்கடலை தவிர ஒவ்வொன்றையும் தனித்தனியே வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். ஒன்றாக வறுத்தால் சிறிய தானியம் கருகி, பெரியது பச்சையாக நிற்கும். வேர்க்கடலையை மட்டும் மிஷினில் போடாமல் வீட்டு மிக்சியில் மற்ற மாவோடு சேர்த்துப் பொடியுங்கள், தனியாக அரைத்தால் எண்ணெய் விட்டு அப்பிக்கொள்ளும். அரைத்த மாவைச் சுத்தமான துணியில் பரப்பி ஆறவிட்டபின் மூடுங்கள். அரைவைக் கூலியோடு 110 ரூபாயை ஒட்டி வரும். மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள். காய்ச்சும்போது இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி ஐந்தாறு நிமிடம் கிளறினால் கட்டி தட்டாது.

சிறுதானிய குக்கீஸ், டயட் மிக்சர் வாங்கலாமா?

கிலோ விலையைப் பாருங்கள், பெரும்பாலும் சாதாரண பிஸ்கட்டைவிடப் பல மடங்கு. பிறகு உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிக எடையில் சேர்த்ததுதான் முதலில் வரும். கோதுமை, மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் வந்து, ஐந்தாவதாகத் தினை வந்தால் அது தினை பிஸ்கட் இல்லை.

பழம் மட்டும் மலிவா என்ன?

ஆப்பிளும் திராட்சையும் என்றால் மலிவில்லை. வாரத்துக்கு 100 ரூபாய்க்குள் வாழை, கொய்யா, பப்பாளி, பருவத்தில் நாவல், மாம்பழம் என்று நிறுத்திக்கொண்டால் கட்டுப்படியாகும். வாழைத்தாரில் சீப்பை ஒன்றாகப் பழுக்கவிடாமல், பாதி செங்காய், பாதி பழமாகக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார். இடைத்தீனியை நிறுத்தலாமா?

இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் என்றால், இடையில் சாப்பிடுவதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் என்று மாற்றுவதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யுங்கள்.

விருந்தாளி வந்தால் என்ன வைப்பது? யார் வீட்டுக்காவது போனால்?

பொரி மிக்சரும் காபியும் தாராளமாகப் போதும். திடீரென வந்தால் அவல் உப்புமா பத்து நிமிடம். போகும் வீட்டுக்கு இனிப்புப் பெட்டிக்குப் பதில் ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக் கிலோ கடலை உருண்டையும் கொண்டுபோனால் மரியாதைக் குறைவாக யாரும் நினைக்கமாட்டார்கள். கடலை உருண்டைக்கு 250 கிராம் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, 160 கிராம் பாகு வெல்லம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் உருண்டை இளகிப் பல்லில் ஒட்டும்.

தீபாவளிக்கு என்ன செய்வது?

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: வெளியே கொடுக்க, வீட்டில் சாப்பிட. கொடுப்பதற்கு ஒரே ஒரு இனிப்பு, ஒரு காரம் போதும். பாசிப்பருப்பு உருண்டை நல்ல தேர்வு: வறுத்து அரைத்த பாசிப்பருப்பு 500 கிராம், பொடித்த சர்க்கரை 400, உருக்கிய நெய் 200. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும், செலவு 220 ரூபாயை ஒட்டும். பாகுப் பதம் தேவையில்லை என்பதால் வீணாகும் பயமும் இல்லை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் மைசூர்பாகை முயல வேண்டாம். பதம் தவறினால் அவ்வளவு நெய்யும் போகும். வீட்டுக்குக் கேசரி போதும். 200 கிராம் ரவைக்கு ஒரு கிலோ அளவு வந்துவிடும்.

கடையில் வாங்குவதாக இருந்தால், அட்டைப்பெட்டியின் எடையைக் கழித்து நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. பால் இனிப்புகளில் அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கும்போதுதான் அதிகமாகிறது. என்ன செய்யலாம்?

'இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்று வரும்போது கூடையில் ஏறுவது பெரும்பாலும் சிப்ஸ்தான். அந்த இடத்துக்கென்று ஒரு பட்டியலை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: துவரம்பருப்பு, சோப்பு, கடுகு, உப்பு. எப்படியும் வாங்க வேண்டியவை அவை.

மிச்சமான பணம் கண்ணில் தெரியவே இல்லையே?

தனியாக எடுத்து வைக்காவிட்டால் தெரியாது, வேறு செலவில் கரைந்துவிடும். மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து ஆண்டுக்குப் போடலாம். 1,800-ஐயும் போட வேண்டாம். முதல் மூன்று மாதம் 1,000 மட்டும் போடுங்கள். மீதி 800-ஐ முட்டை, பால், கீரைக்கு விடுங்கள். சாப்பாட்டுத் தட்டு நிறைவாக இருக்கும் வீட்டில் பாக்கெட் கேட்கும் குரல் தானாகக் குறையும். நான்காம் மாதம் கணக்கைப் பார்த்துத் தொகையை ஏற்றலாம்.